முதல் நாளே லக்சா வேண்டாம், தம்பி

பாளையங்கோட்டையிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து ஒரு மாதமாகிறது, ஐந்து வயதுப் பையனும் மூன்று வயதுப் பெண்ணும் வெளியே போனால் உருளைக்கிழங்கு வறுவலைத் தவிர எதையும் தொடுவதில்லை, சீன, மலாய்ச் சாப்பாட்டுக்கு எப்படிப் பழக்குவது அண்ணாச்சி என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வாடகை, பள்ளிச் சேர்க்கை என்று ஒரு பட்டியல். வாடகையைப் பற்றி நான் இன்று சொல்வது அடுத்த மாதம் பொய்யாகிவிடும். பள்ளிக்குக் கல்வி அமைச்சின் இணையத்தளம் இருக்கிறது. சாப்பாட்டுக்கு வருவோம்.

நான் வந்த புதிதில் இதைச் சொல்லித்தர ஆளில்லை. என்னோடு அறையில் இருந்தவர்கள் நம்மவர் கடைகள் நிறைந்த தேக்கா வட்டாரத்தைத் தாண்டிச் சாப்பிட்டதே கிடையாது. உணவங்காடிக்குள் நுழைந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள், பெலாச்சான் வாடையாம். உவரிக் கருவாட்டைச் சுட்டுத் தின்று வளர்ந்தவர்கள் இறால் விழுதுக்கு முகம் சுளிப்பதை என்னவென்று சொல்ல! அவர்களில் சிலர் இங்கேயே பேரன் பேத்தியும் எடுத்துவிட்டார்கள். அந்தப் பேரப்பிள்ளைகளும் உருளைக்கிழங்கு வறுவல்தான் தின்கிறார்கள். ஆகவே முதல் எச்சரிக்கை பெரியவர்களுக்கு: பிள்ளைகள் காதுபட ‘சீ, என்ன நாற்றம்’ என்று ஒருமுறை சொன்னீர்களானால் காரியம் கெட்டது. பிடிக்கவில்லையா, பேசாமல் காப்பியைக் குடியுங்கள்.

நண்பகலில் போகாதீர்கள். அலுவலகக் கூட்டம் நெருக்கும். கொதிக்கிற சூப்பைத் தட்டில் ஏந்திக்கொண்டு ஆட்கள் விரைவார்கள், அந்தச் சந்தில் மூன்று வயதுப் பிள்ளை ஓடினால் என்ன ஆகும்? பதினொரு மணிக்கு முன்பே, நல்ல பசியோடு கூட்டிப்போங்கள். கையில் கைபேசியைக் கொடுத்துவிட்டு வாயில் ஊட்டினால் எந்த ருசியும் மனத்தில் நிற்காது.

காயா ரொட்டியில் தொடங்கலாம். தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்ந்த இனிப்பு, எந்தப் பிள்ளையும் மறுக்காது. புட்டுமாயம் என்று விற்பது நம் இடியாப்பம்தான். தேங்காய்த் துருவலும் செம்மஞ்சள் சர்க்கரையும் வைத்துத் தருவார்கள். அடுத்தது சிக்கன் ரைஸ். கண்ணாடிக்குப் பின்னால் கோழிகள் கொக்கியில் தொங்கும். கடைக்காரர் ஒன்றை இறக்கி, வட்டமான மரக்கட்டையில் வைத்து, அகலக் கத்தியால் ‘தொப், தொப்’ என்று எலும்போடு வெட்டுவார். பிள்ளைகளைப் பக்கத்தில் நின்று பார்க்க விடுங்கள், பாதிப் பயம் அங்கேயே போய்விடும். அவித்த கோழியின் தோல் வழவழவென்றிருக்கும், எலும்போரம் சிவந்திருக்கும். அதனால் வறுத்ததையே, எலும்பில்லாமல், மிளகாய் தனியாகக் கேளுங்கள். சோறு கோழிக் கொழுப்பிலும் சாற்றிலும் வெந்தது. ஊரிலிருந்து சைவப் பெரியவர்கள் வந்தால் ‘வெறும் சோறுதானே’ என்று அதைப் பரிமாறிவிடாதீர்கள்.

மாடும் பன்றியும் வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். ஹலால் கடையில் பன்றி இருக்காது, ஆனால் மாடு இருக்கும்; கேட்டுத்தான் வாங்க வேண்டும். சார் குவே தியாவ் என்கிற தட்டை அரிசி நூடுல்ஸை வழக்கமாகப் பன்றிக் கொழுப்பில்தான் வதக்குவார்கள். அதில் போடும் சிப்பியும் பெரும்பாலும் அரைவேக்காடு, சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது.

மீன் உருண்டையை முழுதாகக் கொடுக்கவே கூடாது. ரப்பர் பந்துபோல வழுக்கிக்கொண்டு போய்த் தொண்டையை அடைத்துவிடும். நான்காக நறுக்குங்கள். சாத்தே இறைச்சியைக் குச்சியிலிருந்து உருவிக் கொடுங்கள். அதன் குழம்பு முழுக்க நிலக்கடலை. கடலையோ இறாலோ இதுவரை கொடுத்ததில்லை என்றால், முதலில் வீட்டில், பகல் வேளையில், துளி கொடுத்துப் பாருங்கள். ஒவ்வாமை ஏற்கெனவே உண்டென்றால் உணவங்காடியில் சோதனை வேண்டாம். ஒரே வாணலியில் எல்லாவற்றையும் புரட்டுகிற இடம் அது.

லக்சாவுக்கு, அதாவது தேங்காய்ப்பால் ஊற்றிய கார நூடுல்ஸ் குழம்புக்கு, அவசரம் வேண்டாம். தேங்காய்ப்பால்தானே என்று வாங்கிவிடுவீர்கள், காரம் பிறகுதான் தெரியும். எங்கள் மகள் முதலில் ஒற்றை நூடுல்ஸை எடுத்து, வெந்நீரில் அலசித்தான் தின்றாள். அடுத்த மேசைச் சீனப் பாட்டி அதைப் பார்த்துவிட்டுத் தன் கிண்ணத்திலிருந்து ஒரு மீன் துண்டை அவள் தட்டில் வைத்தார். எங்கள் வீட்டம்மாள் பதறினாள், மகளோ தின்று முடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள்.

பின்னர் ஊரில் ஒரு கல்யாணம். மறுவீட்டு விருந்தில் நம் தேங்காய்ப்பால் குழம்பான சொதியைப் பார்த்ததும் மகள் அதில் இடியாப்பத்தைப் பிய்த்துப் போட்டு, ‘காரமில்லாத லக்சா’ என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி அறிவித்துவிட்டாள். என் அம்மாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! இஞ்சித் துவையலைத் தட்டின் ஓரத்தில் வைத்து, ‘இதைத் தொட்டுத் தின்று பார், அப்புறம் பேசு’ என்றார். அவள் தொட்டாள், தின்றாள், லக்சா என்றே மறுபடியும் சொன்னாள். எங்கள் தெருவில் இன்னும் அவளுக்கு அதுதான் பெயர்.

சாப்பிட்டு எழும்போது தட்டை நீங்களே எடுத்துக்கொண்டுபோய் அதற்குரிய இடத்தில் வையுங்கள். 2021 முதல் அது கட்டாயம்.