புரோட்டியோமிக்ஸ், செல் சிக்னலிங்கில் பிஎச்.டி.: தர்மபுரி, கிருஷ்ணகிரி மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்

பாலக்கோடு, எம்.எஸ்சி. உயிர்வேதியியல்: அண்ணா, இவை ரெண்டும் ஒரே துறையா? எதைத் தலைப்பாக எடுப்பது?

செல் சிக்னலிங் என்பது கேள்வி, புரோட்டியோமிக்ஸ், அதாவது செல்லின் புரதங்களை மொத்தமாக ஆராய்வது, அதற்கு விடை தேடும் கருவி. வெளியிலிருந்து வரும் செய்தியை செல் பெரும்பாலும் புரதத்தில் பாஸ்பேட்டை ஏற்றியும் இறக்கியும்தான் உள்ளே கடத்துகிறது. 1992இல் உயிர்வேதியியலாளர்கள் பிஷருக்கும் கிரெப்ஸுக்கும் நோபல் பரிசு கிடைத்தது இதற்குத்தான். ஒரு பாஸ்பேட் ஏறினால் பெப்டைடின் (புரதத் துண்டின்) எடை சுமார் 80 டால்டன் கூடும். அந்தக் கூடுதலை, மூலக்கூறின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் பிடித்துவிடும். கருவியின் பெயரை மட்டும் வைத்துத் தலைப்பு எடுக்காதீர்கள். "எந்த கைனேஸ் (பாஸ்பேட்டை ஏற்றும் நொதி), எந்த செல்லில், எதற்காக" என்று ஒரு கேள்வி இருக்கட்டும்.

அரூர்: நெட் ஜே.ஆர்.எஃப். (ஆய்வு உதவித்தொகைத் தேர்வு) ரெண்டு தடவை கை நழுவிடுச்சு. வேறு வழி உண்டா?

உண்டு. பயோடெக்னாலஜி துறையின் பெட் தேர்வு, கேட் (GATE) இரண்டையும் எழுதுங்கள். பெங்களூருவில் உள்ள உயிரியல் ஆய்வு நிறுவனமான என்.சி.பி.எஸ்.ஸுக்கு, அதன் தாய் நிறுவனமான டி.ஐ.எஃப்.ஆரின் நுழைவுத் தேர்வு ஒரு வழி. நெட்டையும் விட்டுவிட வேண்டாம். லைஃப் சயின்ஸஸ் தாளின் 200 மதிப்பெண்ணில் சி பகுதிக்கு மட்டும் 100. 75 கேள்வியில் 25 எழுதினால் போதும், ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண். தவறான விடைக்குக் கால் பங்கு போய்விடும். நம் மாணவர்கள் பலர் சறுக்குவது இங்கேதான்: சோதனைப் படத்தைக் கொடுத்து முடிவு கேட்கும்போது மனப்பாடம் உதவாது. வாரம் இரண்டு ஆய்வுக் கட்டுரை எடுத்து, விளக்கத்தை மறைத்துவிட்டு, படத்தை மட்டும் பார்த்து முடிவு எழுதிப் பழகுங்கள்.

ஓசூர்: பெங்களூரு பக்கத்துலயே இருக்கு. எந்த ஆய்வகம் நல்லது?

ஐ.ஐ.எஸ்சி., என்.சி.பி.எஸ்., ஜே.என்.சி.ஏ.எஸ்.ஆர். மூன்றும் அங்கேதான் உள்ளன. 2014இல் மனிதப் புரோட்டியோமின் வரைவு வரைபடம் வெளியானதில் பெரும்பங்கு வகித்த இன்ஸ்டிடியூட் ஆஃப் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸும் அதே ஊர்தான். ஆனால் நிறுவனத்தின் பெயரைப் பார்த்து மட்டும் சேராதீர்கள். நேர்முகத்தில் வழிகாட்டியிடம் மூன்று கேள்வி கேளுங்கள். மாஸ் ஸ்பெக் சொந்தமா, பொது வசதியா? ஒரு சாம்பிளுக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்? அதற்கான செலவு எந்தத் திட்ட நிதியிலிருந்து வருகிறது? மூன்றாவது கேள்விக்குப் பதில் மழுப்பலாக வந்தால், இரண்டாம் ஆண்டில் சாம்பிள் ஃப்ரீசரில் கிடக்கும், காலம் ஓடும். அங்கே ஏற்கெனவே இருக்கும் மாணவர்களிடமும் தனியாகப் பேசுங்கள்.

காவேரிப்பட்டணம், ப்ராஜெக்ட் மாணவி: ஈ.ஜி.எஃப். கொடுத்தும் பாஸ்போ-ஈ.ஆர்.கே. பேண்ட் வரவே இல்லை. ஆன்டிபாடி கெட்டுப்போச்சா?

மற்றவர்களுக்கு ஒரு வரி: ஈ.ஜி.எஃப். செல்லைத் தூண்டும் வளர்ச்சிக் காரணி, பாஸ்போ-ஈ.ஆர்.கே. அந்தத் தூண்டலில் பாஸ்பேட் ஏறிய ஈ.ஆர்.கே. கைனேஸ், வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் ஆன்டிபாடி அதைப் பட்டையாக (பேண்ட்) காட்டும். ஆன்டிபாடியைக் கடைசியில் சந்தேகப்படுங்கள், அம்மா. முதலில் நேரம். முந்தைய இரவு சீரம் இல்லாமல் வைத்து, மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் ஈ.ஜி.எஃப். கொடுத்தால் 5 முதல் 10 நிமிடத்தில் உச்சம் வரும், பிறகு இறங்கும். செல்லை டிரிப்சின் (புரதத்தை வெட்டும் நொதி) போட்டுத் தட்டிலிருந்து கழற்றினாலே கணக்கு கெட்டது. தட்டைப் பனிக்கட்டி மேல் வைத்து, குளிர்ந்த பி.பி.எஸ். உப்புக் கரைசலால் ஒருமுறை கழுவி, அங்கேயே செல்லை உடைக்கும் லைசிஸ் பஃபரை ஊற்றிச் சுரண்டி எடுங்கள்.

அடுத்து பாஸ்படேஸ். செல் உடைந்த நொடியே அவை பாஸ்பேட்டைக் கழற்றத் தொடங்கும். அவற்றைத் தடுக்க லைசிஸ் பஃபரில் சோடியம் ஆர்த்தோவனடேட் 1 மில்லிமோலார், சோடியம் ஃப்ளோரைடு 10 மில்லிமோலார் இருந்தே ஆக வேண்டும். வனடேட்டைத் தண்ணீரில் கரைத்தால் மட்டும் போதாது. பி.எச். 10க்குக் கொண்டுவந்தால் மஞ்சளாகும். நிறம் போகும்வரை கொதிக்கவைத்து, ஆறியதும் மறுபடி பி.எச். பாருங்கள். பி.எச். 10இல் நிலைத்து நிறமற்று நிற்கும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். மஞ்சள் தெரிந்தால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கின்றன என்று பொருள். அது டைரோசின் பாஸ்படேஸைச் சரியாகத் தடுக்காது. பஃபரில் டி.டி.டி.யோ ஈ.டி.டி.ஏ.வோ இருந்தாலும் வனடேட் வீணாகிவிடும்.

பிளாட்டில் ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் மறைக்கப் பால்பவுடர் வேண்டாம், அதிலுள்ள கேசீன் தானே ஒரு பாஸ்போபுரதம். டி.பி.எஸ்.டி. பஃபரில் 5% பி.எஸ்.ஏ. (மாட்டு ஆல்புமின் புரதம்) போடுங்கள். பக்கத்திலேயே மொத்த ஈ.ஆர்.கே.யும் ஓட்டுங்கள், இல்லையென்றால் தேர்வாளர் முதலில் அதைத்தான் கேட்பார்.

இதே சாம்பிளை மாஸ் ஸ்பெக்குக்கு அனுப்பாதீர்கள். டிரைட்டன் என்ற சோப்புப் பொருள் கலந்திருந்தால் 44 டால்டன் இடைவெளியில் சீப்புப் பல் மாதிரி சிகரங்கள் வந்து உங்கள் பெப்டைடை மூடிவிடும். அதற்குத் தனியாக 8 மோலார் யூரியாவில் உடையுங்கள். 37 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டாம், யூரியா புரதத்தோடு வினைபுரியும். டிரிப்சின் சேர்க்கும் முன் யூரியாவை 2 மோலாருக்குக் கீழே கொண்டுவாருங்கள், இல்லையென்றால் வெட்டு பாதியில் நிற்கும். அளவு 50 பங்கு புரதத்துக்கு 1 பங்கு டிரிப்சின், இரவு முழுக்க 37 டிகிரி. கையுறை இல்லாமல் டியூபைத் தொட்டால் உங்கள் தோலின் கெரட்டின்தான் பட்டியலில் முதலிடம் பிடிக்கும்.

கிருஷ்ணகிரி: நம்ம மாவட்டத்து மா, ராகியில் செய்யலாமா?

தாராளமாக. வறட்சியை ராகிப் பயிர் எப்படி உணர்கிறது என்பது அசல் சிக்னலிங் கேள்வி. ராகியின் ஜீனோம் வரைவு 2017இல் வெளியானதால் பெப்டைடை ஒப்பிட ஒரு வரிசை இருக்கிறது. விதையும் பயிர் அனுபவமும் பையூர் ஆராய்ச்சி நிலையத்தில் கிடைக்கும். மா இலை கொஞ்சம் படுத்தும். அதன் பாலிஃபீனால் புரதத்தோடு ஒட்டிப் பழுப்பாகிவிடும். ஃபீனாலில் பிரித்து, அம்மோனியம் அசிட்டேட் கலந்த மெத்தனாலில் வீழ்படிவாக்குவது நல்லது.

பென்னாகரம்: கணினி அறிவு குறைவு. பயமா இருக்கு.

மாக்ஸ்குவான்ட், பெர்சியஸ் என்ற புரோட்டியோமிக்ஸ் மென்பொருள்கள் இரண்டும் இலவசம். பிரைட் களஞ்சியத்தில் மூலத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. சிறிய தொகுப்பு ஒன்றை இறக்கி, 1% எஃப்.டி.ஆரில் (தவறான அடையாளங்களின் விகிதம்) ஓட்டி, கட்டுரையில் உள்ள பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விண்ணப்பக் கடிதத்தில் இந்த ஒரு வரி இருந்தாலே கவனம் கிடைக்கும்.

தர்மபுரி, ஒரு தந்தை: மகளுக்கு எத்தனை வருஷம் ஆகும் சார்? பணம் கட்டணுமா?

யு.ஜி.சி. விதிப்படி குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. இந்தத் துறையில் ஐந்து என்று மனதில் வையுங்கள். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. வெளிநாடு என்றால் ஹைடெல்பெர்க்கில் உள்ள எம்பிள் (ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகம்), ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் பள்ளிகள், டண்டீயின் பாஸ்பாரிலேஷன் ஆய்வு மையம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். இடம் கிடைத்தால் உதவித்தொகையோ சம்பளமோ வரும். இடம் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் இடைத்தரகரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.