குறும்படத்தில் ஓடும் கறுப்புப் பட்டை

விடுதி அறையில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த காட்சி முழுக்கக் கறுப்புப் பட்டை ஓடுகிறது, போன் போச்சா என்று கேட்டிருந்தீர்கள். போனுக்கு ஒன்றுமில்லை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த ட்யூப்லைட் வினாடிக்கு 100 முறை மங்கி மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, ஷட்டர் வேகம் (ஒவ்வொரு படமும் ஒளியை வாங்கும் நேரம்) அதோடு ஒத்துப்போகாவிட்டால் கேமரா காட்டிக்கொடுத்துவிடும்.

ஆட்டோவை நம்பாதீர்கள். பிளாக்மேஜிக் கேமரா செயலி இலவசம்தான். அதில் ஃபிரேம் ரேட் (வினாடிக்கு எத்தனை படம்) 25, ஷட்டர் 1/50 வினாடி என்று பூட்டிவிடுங்கள். வெளிச்சம் கூடினால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, குறையுங்கள். ஷட்டரை 1/100-ஐவிட வேகமாக வைக்க வேண்டாம். 120 ஃபிரேமில் ஸ்லோமோஷன் என்றால் ஷட்டர் அதைவிட வேகமாகத்தான் இருக்கும்; அந்த ஆசை இருந்தால் ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு, பகலில் ஜன்னல் ஓரம் போய்விடுங்கள்.

சில மலிவு எல்ஈடி பல்புகள் இதற்கும் அடங்காது. எடுக்கும் முன் வெள்ளைச் சுவரைப் பத்து வினாடி பதிவு செய்து பாருங்கள், பட்டை இருந்தால் பளிச்சென்று தெரியும்.

அப்புறம், எடுத்து முடித்ததற்கு டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில், பட்டையைக் குறைக்கும் டீஃப்ளிக்கர் வசதி உண்டு. ஆனால் காசு கொடுத்து வாங்கும் ஸ்டுடியோ பதிப்பில்தான். அதற்குச் செலவழிப்பதைவிட, முகத்தில் பட்டை ஓடும் குளோசப்களை மட்டும் மறுபடி எடுத்துவிடலாம் என்பேன்.