மஜ்ஜை மாற்று சிகிச்சையில் இருப்பவருக்குச் சொந்தக்காரர்கள் ரத்தம் கொடுக்கலாமா?

அம்பாசமுத்திரத்தில் இருக்கும் தம்பிக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை, வீட்டில் எல்லோரும் ரத்தம் கொடுக்கத் தயாராக நிற்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மனசு பெரியது. ஆனால் தம்பிக்கென்று நேரடியாகக் கொடுக்காதீர்கள்.

மாற்றுக்கு முன்பே சொந்தக்காரர் ரத்தம் ஏறினால், பிறகு உடன்பிறந்தவர் தரும் மஜ்ஜையை உடல் ஏற்காமல் போகலாம். இன்னொன்று இதைவிட மோசம். ரத்தப் பையில் இருக்கும் ஒருவகை வெள்ளையணுக்கள், நெருங்கிய சொந்தம் என்பதால் உடலின் கண்ணில் படாமல் தங்கிப் பெருகி, தோல், குடல், ஈரல், மஜ்ஜை என்று தாக்கும். அது வந்துவிட்டால் பிழைப்பது அரிது. அதனால்தான் அந்த வெள்ளையணுக்கள் பெருகாதபடி சிவப்பணு, தட்டணு (பிளேட்லெட்) பைகளுக்கு 25 கிரே அளவு கதிர்வீச்சு கொடுத்து ஏற்றுகிறார்கள். வெள்ளையணு வடிகட்டியும் நல்லதுதான், ரத்தம் ஏற்றுவதால் வரும் காய்ச்சலைக் குறைக்கும்; ஆனால் கதிர்வீச்சுக்கு அது மாற்று இல்லை.

ஊருக்கு வந்தபின் பாளையங்கோட்டையில் அவசரமாக ரத்தம் ஏற்ற நேர்ந்தால், "மஜ்ஜை மாற்று ஆனவர், கதிர்வீச்சு கொடுத்த ரத்தம் வேண்டும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாற்று செய்த மருத்துவரிடமும் போனில் பேசச் சொல்லுங்கள். பழைய ரத்த குரூப் அட்டையைக் காட்டி வாதாட வேண்டாம். மஜ்ஜை கொடுத்தவர் வேறு குரூப் என்றால் தம்பியின் குரூப்பும் மெல்ல மாறிவிடும்.

ஏற்றும்போது முதல் 15 நிமிடம் பக்கத்திலேயே இருங்கள். நடுக்கம், இடுப்புவலி, மூச்சுத்திணறல் என்றால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், சொந்தக்காரர்கள் ரத்த வங்கியில் பொதுவாகக் கொடுக்கட்டும். தட்டணுக்கள் பெரும்பாலும் 5 நாள்தான் தாங்கும், யாருக்காவது எப்போதும் தேவைப்படும்.