அரசியல் நிருபரைக் கேளுங்கள்

மதுரையிலிருந்து தொலைக்காட்சிக்கு அரசியல் செய்தி அனுப்பியே தலை நரைத்தவன். வேலை பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள்.

உசிலம்பட்டி: ஐயா, லைவ் இல்லாத காலத்தில் காட்சிகள் சென்னைக்கு எப்படிப் போகும்?

கேசட்டாகத்தான். பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறும் தெரிந்த முகம் யாரிடமாவது கொடுத்துவிடுவோம். காலையில் எழும்பூரில் ஆபீஸ் பையன் வாங்கிக்கொள்வான். தலைவர் இன்று இங்கே பேசியது நாளைக்குத்தான் திரையில் வரும். அதனால், இடத்தை விட்டுக் கிளம்புமுன் ஹெட்போன் மாட்டி ஆடியோ கேளுங்கள். எழும்பூர் போய்த் தெரிந்து என்ன பண்ண?

மேலூர்: அண்ணே, அடுத்த தேர்தலில் மதுரையில் யார்?

ஓட்டுப் போடுகிறவர்களைக் கேளுங்கள்.

திருமங்கலம்: மறக்க முடியாத தேர்தல்? எங்கள் ஊர் 2009 இடைத்தேர்தல்தானே?

39 ஆயிரம் ஓட்டுக்கு மேல் வித்தியாசம், ஓட்டுக்குப் பணம் என்பதற்கே பெயராகிப்போன 'திருமங்கலம் ஃபார்முலா' எல்லாம் பேசித் தீர்ந்த கதை. எனக்கு 2019 ஏப்ரல் 18. மீனாட்சி அம்மன் தேரோட்டமும் வாக்குப்பதிவும் ஒரே நாளில். மதுரைக்கு இரவு 8 மணி வரை நேரம் கொடுத்தார்கள். மாசி வீதியில் ஒரு பெரியவர், வடம் பிடித்துச் சிவந்த உள்ளங்கையைக் கேமரா முன் விரித்தார். விரலில் மை பளபளத்தது. "ரெண்டும் ஆச்சு, பசிக்குது" என்றார். அன்றைக்கு அதைவிட நல்ல பைட், அதாவது கேமரா முன் பேசிய துண்டு, சிக்கவில்லை.

விளாங்குடி: எண்ணிக்கை அன்று எட்டரைக்கே 'முன்னிலை' என்கிறார்களே?

8 மணிக்குத் தபால் ஓட்டு, அரை மணி கழித்து இயந்திரம். தொகுதிக்கு வழக்கமாக 14 மேசை. ஒரு சுற்றுக்கு மேசைக்கு ஒரு சாவடி; 280 சாவடி என்றால் 20 சுற்று. எத்தனையாவது சுற்று என்று சொல்லாத முன்னிலையை விட்டுத்தள்ளுங்கள்.

ஒத்தக்கடை: எங்கள் மாநாட்டுக்கு ஒரு லட்சம் பேர் வந்தோம். டிவியில் முப்பதாயிரம் என்றார்கள். ஏன்?

திடல் எத்தனை ஏக்கர்? ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். நாற்காலி போட்டால் சதுர மீட்டருக்கு இரண்டு பேர், ஏக்கருக்கு எட்டாயிரம். மேடை, தடுப்பு, வண்டிப் பாதையைக் கழியுங்கள்.

ஒத்தக்கடை: நின்றுகொண்டிருந்தோம்.

நெருக்கி நின்றால் பதினாறாயிரம். ஏக்கர் சொல்லுங்கள்.

திருப்பரங்குன்றம்: அண்ணே, காலையிலிருந்து வந்து போனவர்கள்?

நியாயம்தான். ஒரு நேரத்து ட்ரோன் படத்தில் அவர்கள் இருக்க மாட்டார்கள். அதனால்தான் "இத்தனை மணிக்கு, திடலுக்குள்" என்று சேர்த்தே சொல்வேன்.

ஒத்தக்கடை: நீங்கள் எதிர்க்கட்சி ஆள்.

எல்லாக் கட்சிக்காரர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஏக்கர்?

ஒத்தக்கடை: ஐந்து. இதோ படம்.

படம் முழுக்க நாற்காலி. எதையும் கழிக்காமலே நாற்பதாயிரம்தான்.

செல்லூர்: என் மகள் இந்தத் துறைக்கு வரலாமா? சம்பளம் எப்படி?

வரட்டும். சம்பளத்தை இப்போது வேலையில் இருப்பவர்களிடம் கேளுங்கள். கிளம்புமுன் ஆடியோ கேட்கச் சொல்லுங்கள்.

வாடிப்பட்டி: அடுத்த தேர்தலில் யார் ஜெயிப்பார்?

மேலே மேலூர்க்காரருக்குச் சொன்னதுதான்.

ஒத்தக்கடை: விசாரித்தேன், திடல் பன்னிரண்டு ஏக்கர் இருக்குமாம்.

பட்டாவோடு வாருங்கள்.