மீட்டர் ஏறுச்சு, ஆவி எங்க?

கேள்வி: ஐயா, நாங்க நாலு பேரு மாயவரத்துல காலேஜ் படிக்கிறோம். வெளிநாட்டுல பழைய சர்ச் கட்டடத்தை மியூசியமாக்கி ராத்திரி டிக்கெட் போட்டு பேய் வேட்டைக்கு விடுறாங்களாம். நாங்களும் ஆன்லைன்ல ஒரு இஎம்எஃப் மீட்டர் வாங்கிட்டு தரங்கம்பாடி போனோம். பொழுது சாயுற நேரம் மீட்டர் சிவப்பு வரைக்கும் ஏறுச்சு, போட்டோவுல வெள்ளை வெள்ளையா உருண்டை, ஒரு இடிஞ்ச வீட்டுக்குள்ளேருந்து புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விடுற சத்தம். டேனிஷ்காரன் ஆவிதானே? மியூசியத்துக்குள்ள ஒரு ராத்திரி தங்க யாரைப் புடிக்கணும்?

பதில்: மொதல்ல சர்ச்சு, கோட்டை ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க தம்பி. அங்க மியூசியமா இருக்குறது 1620ல டேனிஷ்காரங்க கட்ட ஆரம்பிச்ச கோட்டை. ஜெர்மனியிலேருந்து வந்த பாதிரியார் சீகன்பால்கு 1718ல கட்டுன புது எருசலேம் ஆலயத்துல இன்னைக்கும் ஆராதனை நடக்குது, அங்க போயி மீட்டர நீட்டுனீங்கன்னா ஆவி வருதோ இல்லையோ ஆலயத்தைப் பாத்துக்குற கோயில்குட்டி கண்டிப்பா வருவாரு.

அந்த மீட்டர் கரண்ட் வயரு, மோட்டார் பக்கத்துல மின்காந்தப் புலம் எவ்ளோன்னு பாக்குற கருவி, அவ்ளோதான். நாலு பேரு பாக்கெட்லயும் நாலு செல்போன் இருந்திருக்கும், அதை ஆஃப் பண்ணிட்டா பாத்தீங்க? வீட்டுல மிக்சி ஓடுறப்ப கிட்ட கொண்டு போங்க, அங்கயும் ஏறும், உங்கம்மா சட்னி அரைக்கிறப்பல்லாம் எந்த டேனிஷ்காரன் வர்றான்னு எனக்கும் எழுதுங்க. வெள்ளை உருண்டைக்கு அவ்ளோ தூரம் போயிருக்கவே வேணாம், இருட்டுல பாய உதறிட்டு ஃபிளாஷ் போட்டு எடுங்க, லென்ஸுக்குப் பக்கத்துல இருக்குற தூசி ஃபோகஸ் ஆகாம அப்படியே வந்து விழும். கடக்கரையில தூசியோட உப்புத் தூவானமும் சேந்துக்கும்.

அந்த மூச்சு சத்தம் எனக்கு நல்லாத் தெரியும். சின்ன வயசுல எங்க ஊரு பழைய ரைஸ்மில்லு பரண்லேருந்து அதே புஸ்ஸு, நாங்க அந்தத் தெருவையே விட்டு சுத்திப் போவோம், கடைசில மில்லுக்கார தாத்தா ஏணி போட்டு ஏத்தி விட்டாரு, பாத்தா மூணு கூகைக் குஞ்சு, ஆந்தை ஜாதி, வெள்ளை மூஞ்சி, ஒண்ணை ஒண்ணு ஒட்டிக்கிட்டு பசியில சீறுது. எலி நாத்தம் குடலைப் புடுங்குச்சு. உங்கப்பா வயல்ல எலிக்காக குச்சி நட்டு வைக்கிறாருல்ல, ராத்திரி அதுல வந்து உக்காருற அதே ஆளுதான்.

பயந்தது பொய்யின்னு நான் சொல்லல. இங்கிலாந்துல விக் டாண்டின்னு ஒரு இன்ஜினியர், லேப்ல தனியா இருக்கும்போது வேர்த்துக் கொட்டி ஓரக் கண்ணுல சாம்பல் கலர்ல ஒரு உருவத்தையே பாத்துட்டாரு. மறுநாள் அங்க இடுக்கிப் புடிச்சிருந்த ஒரு கத்தி தன்னால அதிர்றதைப் பாத்து துருவுனாரு, புதுசா மாட்டுன ஃபேன்லேருந்து காதுக்குக் கேக்காத கிட்டத்தட்ட 19 ஹெர்ட்ஸ் சத்தம், ஃபேன சரி பண்ணதும் எல்லாம் நின்னுபோச்சு. 1998ல கட்டுரையா எழுதுனாரு. எல்லா எடத்துக்கும் இதுவே காரணமில்ல, ஆனா மனுசன் ஓடிப்போகாம நின்னு பாத்தாருல்ல.

பேய்க் கதைதான் வேணும்னா சீகன்பால்கு உங்களுக்கு முன்னாடியே ஊரு ஊரா விசாரிச்சவரு. அய்யனாரு, பிடாரி, பேயின்னு கேட்டுக் கேட்டு 1713ல புத்தகமா எழுதி ஜெர்மனிக்கு அனுப்புனாரு, இதுக்கா உன்னை அனுப்புனோம்னு அங்க மூலையில போட்டுட்டாங்க, அச்சுல வந்தது 1867ல. மனுசன் 36 வயசுல போயிட்டாரு. அவரு எலும்பு அந்த ஆலயத்துக்குள்ளதான் இருக்கு.

இன்னொண்ணு, இதுக்குத்தான் எனக்குக் கோவம். 2004 டிசம்பர் 26 அந்தக் கடக்கரையில என்ன நடந்துச்சுன்னு தெரியும்ல? அப்போதைய நாகை மாவட்டத்துல மட்டும் சுனாமியில 6000 பேருக்கு மேல போயிட்டாங்க. அந்தத் தெருவுல புள்ளைய குடுத்த அம்மா இன்னமும் வாசல்ல உக்காந்து மீன் காய வைக்கிறாங்க, நீங்க அவங்களைத் தாண்டிப் போயி செல்ஃபி ஸ்டிக்க வச்சுக்கிட்டு “யாராவது இருக்கீங்களா, ஒரு சிக்னல் குடுங்க”ன்னு கேப்பீங்களா?

ராத்திரி தங்க ஆளு புடிச்சுத் தர என்னால ஆவாது. பகல்ல டிக்கெட் எடுத்துப் போங்க, உள்ள திமிங்கல எலும்பே கெடக்கு. அந்த இடிஞ்ச வீட்டுப் பக்கம் டார்ச் மட்டும் அடிக்காதீங்க, குஞ்சு இருந்தா தாய்க்கூகை எலியோட வெளியிலயே நின்னுடும்.