பாட்டி பேசியதைச் செயலி ஏன் திருத்தி எழுதுகிறது?

கேள்வி: என் பாட்டிக்கு 84 வயது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமம். அவர் பழைய கதைகள் சொல்வதை 12 மணி நேரம் செல்போனில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். பேச்சை எழுத்தாக்கும் செயலியில் போட்டால் பாதி தப்பும் தவறுமாக வருகிறது. மீதி செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கிறது. இனிமேல் கொஞ்சம் திருத்தமாகப் பேசச் சொல்லலாமா, இல்லை எல்லாவற்றையும் நானே கேட்டு எழுத வேண்டியதுதானா?

பதில்: பாட்டியிடம் ஒன்றும் சொல்லாதீர்கள். திருத்தமாகப் பேசச் சொன்னால் கதை பாதியாகச் சுருங்கிவிடும்.

தப்பும் தவறுமாக வந்த பாதியைப் பற்றிக் கவலை வேண்டாம், அது கண்ணில் படும், சரிசெய்துவிடலாம். செய்தி வாசிக்கிற மாதிரி வந்த பாதிதான் ஆளை ஏமாற்றும். உதாரணமாக, பாட்டி "அவிய அன்னைக்கே சொன்னாவ" என்கிறார். செயலி "அவர்கள் அன்றைக்கே சொன்னார்கள்" என்று எழுதுகிறது. இலக்கணப்படி குறையே இல்லை. ஆனால் பாட்டி சொன்னது தாத்தா ஒருவரை. இருபது வருடம் கழித்து உங்கள் மகள் அதைப் படித்தால், நாலு பேர் கூடிச் சொன்னதாக நினைத்துக்கொள்வாள்.

ஏன் இப்படி? வீட்டில் பேசுவது ஒன்று, எழுதுவது இன்னொன்று என்று இரண்டு வழக்குகளை வைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள் நாம். அரபு மொழிக்காரர்களும் சுவிட்சர்லாந்தின் ஜெர்மன்காரர்களும் அப்படித்தான். 1959இல் சார்லஸ் ஃபெர்குசன் என்ற மொழியியலாளர் இந்த இரட்டை வழக்கைப் பற்றி எழுதிய கட்டுரையை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். செயலிகள் ஒலியையும் அதற்கு மனிதர்கள் எழுதிவைத்த வரியையும் ஜோடி ஜோடியாகப் பார்த்துக் கற்கின்றன. "போயிட்டேன்" என்று காதில் விழுந்தாலும் நம் கை "போய்விட்டேன்" என்றுதானே எழுதும்? அந்தப் பழக்கத்தை அதுவும் பிடித்துக்கொண்டது. போதாக்குறைக்குப் பயிற்சித் தரவும் குறைவு. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022இல் வெளியிட்ட, பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் (Whisper) 6,80,000 மணி நேர ஒலியில் பயின்றது. அதில் ஆங்கிலம் தவிர்த்த 96 மொழிகளுக்கும் சேர்த்தே சுமார் 1,17,000 மணி நேரம்தான். தாமிரபரணிக் கரைப் பேச்சுக்கு அதில் எவ்வளவு இடம் கிடைத்திருக்கும், நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளின் இயல்பான பேச்சைத் திரட்டி, பேச்சை எழுத்தாக்கும் மாடல்களை இலவசமாக வெளியிடுகிறது. அதையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

இன்னொரு பொடி வைத்த இடம் இருக்கிறது. "வந்தான்" என்பதைப் பேச்சில் மூக்கொலியோடு "வந்தா" என்று முடிக்கிறோம். "வந்தாள்" என்பதும் "வந்தா"தான், மூக்கொலி மட்டும் இல்லை. வந்தது ஆணா பெண்ணா என்பது அந்த மெல்லிய மூக்கொலியில் தொங்குகிறது. மின்விசிறி இரைச்சலில் முதலில் காணாமல் போவதும் அதுதான். ஆகவே இனிப் பதிவு செய்யும்போது விசிறியை நிறுத்திவிட்டு, போனைப் பாட்டிக்கு ஒரு முழத்துக்குள் வையுங்கள். வசதி இருந்தால் ஒலியை நசுக்காத வேவ் (WAV) கோப்பாகப் பதிவு செய்யுங்கள். உறவினருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். குரல் செய்தியாகப் போனால் ஒலி நசுங்கிவிடும்.

அப்புறம், மௌனம். வயதானவர்கள் பேச்சுக்கு நடுவே நிறுத்தி யோசிப்பார்கள். ஆங்கிலப் பதிவுகளை விஸ்பரில் போட்டுச் சோதித்து 2024இல் வந்த ஓர் ஆய்வில், சுமார் 1 சதவீதப் பதிவுகளில் யாருமே சொல்லாத சொற்றொடர்களோ முழு வாக்கியங்களோ முளைத்திருந்தன. பேச்சில்லாத இடைவெளி அதிகமுள்ள பதிவுகளில் இது கூடுதலாக நடந்தது. பாட்டி வெற்றிலையை மடித்துக்கொண்டு சும்மா இருந்த இடத்தில் ஒரு வாக்கியம் தென்பட்டால் அதை நம்பாதீர்கள்.

சரி, 12 மணி நேரத்தை என்ன செய்வது? கையால் எழுதினால் ஒரு மணி நேரப் பேச்சுக்கு நாலைந்து மணி நேரமாவது பிடிக்கும், வட்டார வழக்கென்றால் அதற்கும் மேலே. எனவே செயலியின் வரைவை ஓர் அட்டவணையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், எந்தக் கதை எத்தனையாவது நிமிடத்தில் என்று தேடுவதற்கு. மனதுக்கு நெருக்கமான இரண்டு மூன்று மணி நேரத்தை மட்டும் எலான் (ELAN) என்ற மென்பொருளில் எழுதுங்கள். நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம் உருவாக்கியது, காசு கிடையாது. ஒலிக்குக் கீழே இரண்டு வரி வைக்கலாம். மேல் வரியில் பாட்டி சொன்னது சொன்னபடி, கீழ் வரியில் எழுத்துத் தமிழ். வரியைத் தொட்டால் அந்த இடத்துக் குரல் கேட்கும்.

எழுத்துக்கூட்டலில் ஒரு முறையை முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் ஆணுக்கு "வந்தான்" என்றும் பெண்ணுக்கு "வந்தா" என்றும் எழுதுவேன். "அவிய" போன்ற சொல்லுக்குப் பக்கத்தில் யாரைச் சொன்னார் என்று சதுர அடைப்பில் குறித்துவிடுங்கள்.

பாட்டி பேச்சில் சொத்துச் சண்டையும் ஊர்வம்பும் இருக்கத்தான் செய்யும். அந்தப் பகுதிகளை இணையத்தில் ஏற்றாமல், விஸ்பரை உங்கள் கணினியிலேயே இறக்கி ஓட்டலாம்.

புரியாத சொல் வந்தால் கேள்விக்குறி போட்டுவிட்டு நகருங்கள். பத்துக் கேள்விக்குறி சேர்ந்ததும் அந்த இடங்களைப் பாட்டிக்கே போட்டுக் காட்டிக் கேளுங்கள், அப்போதும் பதிவு ஓடிக்கொண்டிருக்கட்டும். ஒரு சொல்லுக்கு விளக்கம் கேட்கப்போனால் புதிதாக இரண்டு கதை வரும்.