மாடிப்படியில் கிடைக்காதது

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு வயது 27. ஈசூனில் இருக்கிறேன். போன ஆண்டு மலேசியாவின் கினபாலு மலையில் (4,095 மீட்டர்) ஏறினேன், லேசான தலைவலியோடு சரி. இப்போது 10 கிலோ சுமையோடு எங்கள் புளோக் மாடிப்படியில் தினமும் ஏறுகிறேன். எட்டாயிரம் மீட்டர் மலைகளில் ஏறுவதையே தொழிலாக்கிக்கொள்ள ஆசை. சிங்கப்பூரில் இருந்துகொண்டு முடியுமா?

கவிதா

அன்புள்ள கவிதா,

முடியும். 1998 மே 25 அன்று சிங்கப்பூர்க் குழுவிலிருந்து இருவர் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். சிங்கப்பூரின் மிக உயரமான குன்று புக்கிட் தீமா, அதன் உயரமே 163 மீட்டர்தான் என்பது அவர்களைத் தடுக்கவில்லை.

25 மாடி ஏறினால் ஏறத்தாழ 70 மீட்டர். 15 முறை ஏறினால் ஆயிரத்தைத் தாண்டும். சுமைக்குத் தண்ணீர்ப் போத்தல்கள் நல்லவை. முழங்கால் வலித்தால் மேலே போனதும் தண்ணீரைக் கொட்டிவிட்டு இறங்கலாம். ஆனால் வாரம் ஒருநாள் சுமையோடு இறங்கியே ஆகவேண்டும். மின்தூக்கியில் இறங்கிப் பழகிய தொடை, மலையில் இறங்கும்போது துவண்டுவிடும்.

கினபாலுவை வைத்து உங்கள் உடலை எடை போடாதீர்கள். காற்று மெலிந்த உயரத்தில் வரும் உயர நோய் கடுமையாக முற்றப் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளாவது ஆகும். அதற்குள் நீங்கள் இறங்கியிருப்பீர்கள். உடல் வலு இந்த நோயைத் தடுக்காது. வலுவுள்ளவர்கள் வேகமாக ஏறி விரைவில் மாட்டிக்கொள்வதும் உண்டு. 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் தங்கவேண்டும். நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடுகிறாரா, மூளையில் நீர் கோத்திருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா, நுரையீரலில். இரண்டுக்கும் மருந்து உண்டு, ஆனால் அது இறங்குவதற்கு நேரம் வாங்கித் தருவது மட்டுமே. உடனே இறக்கிவிடுங்கள்.

ஆக்சிஜன் கணக்கை மனப்பாடமாக வைத்திருங்கள். 4 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தம் என்றால் 1,200 லிட்டர் வாயு. நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் 10 மணி நேரம், 4 லிட்டர் வைத்தால் 5 மணி நேரம்தான். உச்சிக்கு முன் நெரிசலில் காத்து நிற்பவர்களுக்கு இந்தக் கணக்குதான் தவறுகிறது. மூச்சின் ஈரம் உறைந்து முகமூடியின் வால்வு அடைபடுவதும் உண்டு. அழுத்தமானி நிறையக் காட்டும், காற்று வராது.

தொழில் என்று கேட்டீர்கள். உச்சியை அடைந்ததற்காக யாரும் சம்பளம் தருவதில்லை. 2025 செப்டம்பரிலிருந்து வசந்தகால எவரெஸ்ட் ஏற்றத்துக்கு நேப்பாள அரசின் அனுமதிக் கட்டணம் மட்டுமே 15,000 அமெரிக்க வெள்ளி. விளம்பர ஆதரவு, மேடைப்பேச்சு, பிறரை அழைத்துச்செல்வது, வரவு இந்த மூன்றில்தான். அந்த மலைகளில் உண்மையான தொழில்முறை ஏறுநர்கள் நேப்பாள மலைவாழ் மக்களான ஷெர்பாக்களே. கமி ரீத்தா ஷெர்பா 2025 மே மாதம் 31ஆவது முறையாக எவரெஸ்ட் ஏறியது அவருடைய வேலையின் பகுதியாக. வழிகாட்டிச் சான்றிதழ் பெறப் பல ஆண்டு பனிமலைப் பயிற்சி தேவை. வேலையை விடாமல் அதைத் தொடங்குங்கள். முதலில் ஒரு பனிமலைப் பயிற்சி வகுப்பு, பிறகு ஒரு 6,000 மீட்டர் மலை, அப்புறம் 7,000.

அதுவரை வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்று. மலையில் கட்டிவைத்த கயிற்றைப் பிடித்து ஏறும்போது முடிச்சுகளைக் கடக்கப் பழகுவது. இடையிடையே முடிச்சு போட்ட ஒரு கயிற்றை இழுத்துக் கட்டுங்கள். தடித்த கையுறையோடு, முதலில் காரபினரை (திறந்து மூடும் உலோகக் கொக்கி) முடிச்சுக்கு அப்பால் மாட்டி, பிறகே ஜூமாரை (கயிற்றில் மேல்நோக்கி மட்டும் நகரும் பிடிகருவி) கழற்றி மாற்றுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் கயிற்றைவிட்டு விலகக் கூடாது. விளக்கை அணைத்துவிட்டு ஐம்பது முறை செய்து பாருங்கள்.